இடது அம்பு

குற்றம் கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் தராவிட்டாலும் சிவநேசன் அந்த வேலையைச் செய்வான். வாரத்தில் ஐந்து நாள், பினாங்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம் பிறை என்ற ஊரில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகன். மற்றவர்கள் ஒட்டிவைத்த சின்னச் சின்னப் பலகைகளைப் பூதக்கண்ணாடியில் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவான். சனி, ஞாயிறு வந்தால் ஆயர் ஈத்தாம் பிளாட்டில், தன் வீட்டு ஹாலில் கேமராவை நிறுத்தி, பழைய வீடியோ கேம்களை எடுத்துவைத்துத் திட்டுவான். சேனலுக்குப் பேர் ‘கழுவி ஊத்து’. பதினோராயிரம் பேர் பார்க்கிறார்கள். பதினோராயிரம் பேருக்கு வேறு வேலை இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். அவன் மனைவி லோகேஸ்வரியும் அதைத்தான் கேட்கிறாள்.

“உங்க திட்டுக் கடையைக் கொஞ்சம் சாத்துங்க லா. சோறு ஆறுது,” என்பாள். அவன் காதில் விழாது. திட்டும்போது அவனுக்குப் பசி தெரியாது.

இந்த வாரம் திட்டு வாங்க வேண்டியது ‘தில்லு டான்ஸ்’. இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு தீபாவளிக்கு வந்த கம்ப்யூட்டர் கேம். சூலியா தெருவில், பணமாற்றுக் கடை ஒன்றுக்கு மேலே இருந்த ஒற்றை அறையில் செய்தது. பெட்டியைத் திறந்தால் ஒரு சிடியும் நான்கு அம்புக்குறி போட்ட ஒரு பிளாஸ்டிக் பாயும் இருக்கும். பாட்டு ஓடும், திரையில் அம்புகள் ஏறும், எந்த அம்பு வருகிறதோ அதைப் பாயில் மிதிக்க வேண்டும். நேரத்தோடு மிதித்தால் ஒரு பெண் குரல் “அபாரம்!” என்று கூவும். தப்பினால் அதே குரல் “போயிட்டு வாங்க” என்று வழியனுப்பிவைக்கும்.

அந்தக் கேமைத் திட்டுவதற்குத் திறமையே வேண்டாம், வாய் இருந்தால் போதும். திரையில் ஆடும் பொம்மைக்குத் தில்லு ராணி என்று பேர். ராணி கையைத் தூக்கினால் கை முந்தானைக்குள் நுழைந்து முதுகு வழியாக வெளியே வரும். பின்னால் பினாங்குப் பாலம். அதில் கார், லாரி என்று காடிகள் எல்லாம் வலப்பக்கமாக ஓடும். வெளியூரிலிருந்து படம் வரைந்து அனுப்பியவன் இந்த ஊர் ரோட்டில் கால் வைத்ததே இல்லை போலிருக்கிறது. கைதட்டுகிற கூட்டத்தில் எண்பது பேர், முகமோ இரண்டே இரண்டு. ஒன்பது பாட்டு, ஒன்பதும் ஐஸ்கிரீம் வண்டி மணியில் வாசித்த மாதிரி. இதையெல்லாம் சிவநேசன் ஏற்கனவே படம் பிடித்து, பன்னிரண்டு நிமிடத்துக்கு வாயார வைது முடித்திருந்தான்.

ஆனால் அந்தக் கேமின் பேரைக் கெடுத்தது ராணியின் கையும் இல்லை, பாலமும் இல்லை. இடது அம்பு. மற்ற மூன்று அம்புகளும் தாளத்தோடு வரும். இடது மட்டும் பிந்தி வரும். கண் சிமிட்டுகிற நேரம்தான், ஆனால் காலுக்குத் தெரிந்துவிடும். தாளத்தை நம்பி இடது காலை வைத்தவனுக்குப் “போயிட்டு வாங்க” கிடைக்கும். தப்பிக்க ஒரே வழி, ஒவ்வொரு தடவையும் இடது காலைக் கொஞ்சம் இழுத்துப்பிடித்து வைப்பது. அப்படி ஆடினால் நொண்டுகிற மாதிரி இருக்கும். அதனால் ஊரே அதற்கு ‘நொண்டி டான்ஸ்’ என்று பேர் வைத்தது. விற்றதில் பாதிப் பெட்டிகள் ‘பாய் பழுது’ என்று கடைக்கே திரும்பி வந்தன.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், திருப்பிக் கொடுக்காதவர்கள் அதை விடவே இல்லை. பிறந்தநாள் வீடு, நிச்சயதார்த்த வீடு எல்லாவற்றிலும் அந்தப் பாயை விரித்துவிடுவார்கள். நேற்றுவரை சீர்வரிசைக்காக முறைத்துக்கொண்டிருந்த சம்பந்திகள், ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு இடது காலை இழுத்து இழுத்து ஆடுவார்கள். பார்க்கிறவர்கள் சிரித்துச் சிரித்துச் சோபாவிலிருந்து சரிவார்கள். ஒழுங்காக ஆட வந்திருந்தால் எவனும் சீந்தியிருக்க மாட்டான். சிவநேசனுக்கு அதுவும் பொறுக்கவில்லை. குப்பை என்றால் குப்பையாக இருக்க வேண்டும், ஜனங்களைச் சிரிக்கவைக்க அதற்கு என்ன யோக்கியதை?

“குப்பைன்னு சொல்லிட்டு நேத்து ராத்திரி ஒன்பது பாட்டையும் ஆடினீங்களே?” என்றாள் லோகேஸ்வரி.

“அது ஆராய்ச்சி.”

“ரெண்டு ரெண்டு தடவையா?”

இடது கணுக்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தான்.

இடது அம்பு ஏன் பிந்துகிறது என்று ஊருக்குத் தெரியாது. சிவநேசனுக்குத் தெரியும். சூலியா தெரு அறையில் இருந்தவர்கள் மூன்றே பேர், அதில் அவனும் ஒருவன். நாகப்பன் என்ற செட்டியார் வீட்டுப் பையன் முதல் போட்டு, புரோகிராமும் எழுதினான். சிவநேசனுக்குச் சோதிக்கிற வேலை. மூன்றாவது ஆள் மோகனராஜ், சிவநேசனோடு ஒரே வகுப்பில் படித்தவன், உருமி மேளக் குழுவின் தலைவன். தைப்பூசத்தில் அவன் உருமியை இழுத்தால் சும்மா வேடிக்கை பார்க்க வந்தவன்கூடக் காலை மாற்றி மாற்றி வைப்பான். அதனால்தான் நாகப்பன் அவனைக் கூப்பிட்டான். ஒட்டுப்பலகையும் செப்புத் தகடும் வைத்து ஒரு ஆட்டப் பலகையைச் செய்தார்கள். பாட்டைப் போட்டுவிட்டு மோகன் அந்தப் பலகைமேல் ஆடுவான். அவன் கால் விழுந்த ஒவ்வொரு நொடியையும் கம்ப்யூட்டர் பதிந்துகொள்ளும். கேமில் அம்பு எப்போது வர வேண்டும் என்பது அந்தப் பதிவுதான். விற்ற பெட்டிகளில் இருந்தது கடையில் வாங்கிப் போட்ட பிளாஸ்டிக் பாய், அம்பு வருகிற நேரம் என்னவோ இந்தப் பலகையில் பதிந்த மோகனுடைய கால்.

சிவநேசன் ஒரு தடவைகூடப் பலகைமேல் ஏறவில்லை. ஆடுவது அவன் கௌரவத்துக்குக் குறைச்சல். மோகன் ஆட, இவன் நாற்காலியில் உட்கார்ந்து வறுத்த மீ நூடுல்ஸ் தின்றுகொண்டே பார்த்தான். எல்லாம் “அபாரம்”. கையெழுத்துப் போட்டுவிட்டான். பிறகு புகார் வந்தபோது காரணம் சொல்ல அவனுக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மோகனுக்கு இடது கால் பிந்துகிறது. பிந்தின காலில் பதிந்தான், அதே பிந்தின காலில் ஆடிக் காட்டினான், பிறகு எப்படித் தப்புத் தெரியும்? இதை நாகப்பனிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம். இவன் சொன்னது உருமிக் குழு முழுக்கச் சாப்பிட்டுக்கொண்டிருந்த நாசி கண்டார் கடையில். “உருமி அடிக்கிறவனுக்கே தாளம் நிக்கலைன்னா எங்க போய் முட்டிக்கிறது? இவன் மோகனராஜ் இல்லடா, லேட் மோகன்!”

பேர் ஒட்டிக்கொண்டது. அடுத்த தைப்பூசத்தில் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகிற வழியில் மோகன் உருமி வாசித்துக்கொண்டிருந்தபோது கூட்டத்தில் எவனோ “லேட்டு! லேட்டு!” என்று கத்தினான். காவடி எடுத்தவனே திரும்பிப் பார்த்தான். அதற்கடுத்த வருஷம் குழு வேறு தலைவனைப் பார்த்துக்கொண்டது. மோகன் அன்றிலிருந்து தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப்பந்தலில் நின்று சிரப் ஊற்றுகிறான். ‘தாளம் இருந்தா ஏன் விட்டான்?’ என்று சிவநேசன் கேட்பான். அவனுக்கு அது ஒரு சாட்சி.

இது போதாதென்று அவனுக்குச் செல்லக் கதை ஒன்று உண்டு. கேம் ஊற்றிக்கொண்ட பிறகு மோகன் மூன்று தடவை போன் செய்தானாம், இவன் எடுக்கவில்லையாம். நாலாவது தடவை எடுத்து, “என்னடா, போன் பண்றதுலயும் லேட்டா?” என்று கேட்டு, பட்டென்று வைத்துவிட்டானாம். கல்யாண வீடு, காப்பிக்கடை, தொழிற்சாலை ஆண்டு விருந்து, ஓர் இடம் விடவில்லை. ‘போன் பண்றதுலயும்’ என்று சொல்லி நிறுத்தி, புருவத்தைத் தூக்கி, பிறகு மீதியைச் சொல்வான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். லோகேஸ்வரி சிரித்ததில்லை.

“அவரு எதுக்கு போன் பண்ணாராம்?” என்று ஒருமுறை கேட்டாள்.

“எதுக்கோ. யாருக்குத் தெரியும்?”

போன புதன்கிழமை ஒரு நிமிட முன்னோட்டம் ஒன்றை ஏற்றியிருந்தான். அதிலும் மோகனின் பிந்துகிற இடது கால், பிறகு அந்தப் போன் கதைதான். கடைசியில் விரலை நீட்டி, “ஒரு உருமிக்காரன் ஒரு கேமை எப்படிக் கொன்னான்? லேட் மோகன் கதை, இந்த ஞாயித்துக்கிழமை!” என்று முழங்கியிருந்தான். நாலாயிரம் பேர் பார்த்தார்கள். இப்போது வீடியோவுக்கு ஒரே ஒரு குறை. அந்த மூலப் பலகை வேண்டும். அறையைக் காலி செய்தபோது யாரும் சீந்தாத அதை மோகன்தான் தூக்கிக்கொண்டு போனான். பலகையைக் கேமராவில் காட்டி, ‘குற்றம் நடந்த இடம் இதுதான்’ என்று சொன்னால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

“அவரைப் பத்தி அசிங்கமாப் பேசறதுக்கு அவர்கிட்டயே சாமான் கடன் கேக்கப் போறீங்களா?” என்றாள் லோகேஸ்வரி. “வெக்கமா இல்ல?”

“அவனுக்கும் ஒரு விளம்பரம்தானே.”

“போங்க. நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டு வாங்க.”

டத்தோ கிராமாட்டில் மோகனின் வீடு ஒரு பழைய வரிசை வீடு. ஞாயிறு காலை பத்து மணி. சிவநேசன் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, தோளில் மடிக்கணினிப் பையோடு கேட்டைத் தட்டினான். பத்தொன்பது, இருபது வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். மோகனின் மகள் ஷர்மினி. கேட்டைத் திறக்காமல் அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

“நீங்கதானே அந்தக் கழுவி ஊத்துற அங்கிள்?”

சிவநேசனுக்கு முகம் மலர்ந்தது. “பாக்குறியாம்மா சேனலை?”

“புதன்கிழமைதான் மொத தடவை பாத்தேன். காலேஜ்ல ஒருத்தி லிங்க் அனுப்பினா. ‘இது உங்கப்பாவா’ன்னு கேட்டு, மூணு சிரிப்புப் பொம்மை வேற போட்டிருந்தா.” பூட்டைத் திறந்தாள். “அப்பாவுக்கு அப்படி ஒரு பேரு இருக்குன்னு எனக்கு அதுவரைக்கும் தெரியாது. அவர் ஏன் உருமியைத் தொடறதில்லைன்னும் தெரியாது. வாங்க.”

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நகைச்சுவை உணர்ச்சியே இல்லை என்று நினைத்துக்கொண்டு சிவநேசன் செருப்பைக் கழற்றினான்.

மோகன் உள்ளேயிருந்து வந்தான். பிறையில் ஒரு கிடங்கில் போர்க்லிப்ட் ஓட்டுகிறவன். தோள் இன்னும் அகலமாகத்தான் இருந்தது. “வாங்க சார்,” என்றான்.

பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன் சார் என்கிறான். சிவநேசன் அதைத் தட்டிவிடுகிற மாதிரிச் சிரித்தான். “டேய், என்னடா சாரு? நம்ம பழைய பலகை இருக்கா? வீடியோவுல ஒரு நிமிசம் காட்டணும். உன்னையும் காட்டுறேன். ஜாலியா இருக்கும்.”

“இருக்கு.”

“குடு, சாயந்தரம் திருப்பித் தந்துடறேன்.”

“எடுத்துக்கிட்டுப் போகலாம் சார். அதுக்கு முன்னால ஒரு பாட்டு ஆடுங்க. இங்கேயே. இந்தப் பலகை மேல.”

“நானா? நான் எதுக்கு?”

“சோதிக்கிறது உங்க வேலைதானே. அன்னைக்குத்தான் ஏறல.”

சிவநேசனுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் வீட்டில் ஒன்பது பாட்டை இரண்டிரண்டு தடவை ஆடிய கால் அது, பயம் என்ன? ஆடுவோம், இடது அம்பு தப்பத் தப்ப இந்தப் பெண்ணும் தன் அப்பன் லட்சணத்தைக் கண்ணால் பார்க்கட்டும். “ஒரு பாட்டு என்ன, ரெண்டு ஆடறேன்,” என்றான்.

மோகன் அலமாரிக்குப் பின்னாலிருந்து பலகையை இழுத்தான். பழைய மேசைவிரிப்பில் சுற்றி, கயிறு கட்டி வைத்திருந்தான். பிரித்தால் தூசிகூட இல்லை. நாலு பக்கமும் நாலு அம்பு, நடுவில் காலியிடம். சிவநேசன் மடிக்கணினியில் வயரைச் செருகி, ‘கொம்தார் மேலே குயிலு’ என்ற மூன்றாவது பாட்டை எடுத்தான். இருப்பதிலேயே கேவலமான பாட்டு அதுதான். அவனுக்கு மிகவும் பிடித்த பாட்டும் அதுதான், அதை வெளியே சொல்ல மாட்டான்.

ஐஸ்கிரீம் வண்டி மணி அடிக்க ஆரம்பித்தது. ராணியின் கை முதுகு வழியாக வெளியே வந்தது. மேல், கீழ், வலது, “அபாரம்! அபாரம்! அபாரம்!” இதோ இடது வருகிறது. இன்று அவன் காலை இழுக்கவில்லை. கேவலப்படுத்தத்தானே வந்திருக்கிறான், தாளத்தில் நச்சென்று வைத்தான். எது தாளம் என்று அவன் காதுக்குத் தெரியாதா? ‘போயிட்டு வாங்க’வுக்காகப் புருவத்தைக்கூடத் தயாராகத் தூக்கிக்கொண்டான்.

“அபாரம்!” என்றது குரல்.

தற்செயல். அடுத்த இடது. தாளத்தில் வைத்தான். “அபாரம்!” அடுத்தது. “அபாரம்!” வரிசையாக நாலு இடது. நாலுக்கும் அபாரம். கால் இழுக்காமல், நொண்டாமல், கழுத்திலிருந்து பாதம்வரை ஒரே சீராக அவன் ஆடிக்கொண்டிருந்தான். பத்தொன்பது வருஷத்தில் அந்தப் பாட்டை ஒருவனும் அப்படி ஆடியதில்லை. அது அவ்வளவு நல்ல ஆட்டம் என்று எவனுக்கும் தெரியாது. பாட்டு முடிந்ததும் எண்பது பேரும் இரண்டு முகத்தை வைத்துக்கொண்டு கைதட்டினார்கள். ஒன்றுகூடத் தப்பவில்லை என்று திரை சொன்னது.

ஷர்மினி கையைக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தாள். “அப்பாவோட இடது கால் லேட்டு. லேட்டான காலுக்குத்தான் இந்தக் கேம்ல அபாரம் கிடைக்கும். முன்னோட்டத்துல நீங்கதானே சொன்னீங்க?”

“ஆமா.”

“உங்களுக்கு எல்லாமே அபாரம் வந்துச்சே. அப்போ நீங்களும் லேட்டா அங்கிள்?”

சிவநேசன் பாட்டை முதலிலிருந்து வைத்தான். “இன்னொரு தடவை,” என்றான். மறுபடியும் ஆடினான். மறுபடியும் முழுக்க அபாரம். மூன்றாம் தடவை, வீட்டில் பாய்மேல் செய்வதுபோல் இடது காலை இழுத்து இழுத்து வைத்துப் பார்த்தான். ஒவ்வொரு இடதுக்கும் “போயிட்டு வாங்க” என்றது குரல். பாட்டு முடிவதற்குள் பலகையை விட்டு இறங்கிவிட்டான்.

வேலைக்குப் புதிதாகச் சேர்கிற பிள்ளைகளுக்கு அவன் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம் ஒன்று உண்டு. ஒரே சாமான் ஒரு மேசையில் தேறி, மற்ற எல்லா மேசையிலும் தவறினால் சாமானைச் சந்தேகப்படாதே, அந்த ஒரு மேசையைத் திறந்து பார். வருஷத்துக்கு நாற்பது பேருக்குச் சொல்கிறான். தன் கையால் கையெழுத்துப் போட்ட பலகைக்கு மட்டும் அதைச் சொல்லிப் பார்க்கத் தோன்றவில்லை.

“ஒரு ஸ்குரு டிரைவர் இருக்கா?” என்றான்.

அவன் கேட்டு முடிப்பதற்குள் ஷர்மினி நீட்டினாள். அது டிவி பக்கத்தில் தயாராக இருந்தது.

இடது அம்பின் மூடியில் நாலு திருகாணி. கழற்றினான். ஒட்டுப்பலகை மூடியைத் தூக்கினால் உள்ளே இரண்டு செப்புத் தகடுகள், நடுவே ஓரத்தில் மட்டும் பஞ்சுப் பட்டை. மேலே கால் விழுந்தால் தகடுகள் இரண்டும் ஒட்டும், ஒட்டின நொடியைக் கம்ப்யூட்டர் பதியும். மற்ற மூன்றிலும் அப்படித்தான். இதில் கீழ்த்தகட்டின் நட்டநடுவில், தகடுகள் முத்தமிட வேண்டிய இடத்தில், மஞ்சளாகக் காய்ந்து கெட்டிப்பட்டு ஏதோ ஒட்டியிருந்தது. சந்தனம். விரலால் தடித்து இழுத்த ஒரு பிள்ளையார் சுழி, பக்கத்தில் ஒரு குங்குமப் பொட்டு. மூடியின் உட்பக்கம் பென்சிலால், அவனுக்கு நன்றாகத் தெரிந்த கோணல் எழுத்தில், ‘சோதித்தது: சி.நே.’

அவனுக்கு முழுதும் ஞாபகம் வந்துவிட்டது. கேம் வருவதற்கு முந்தின வருஷத்து ஆயுத பூசை. மறுநாள் பதிவு ஆரம்பம். கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைத்தாகிவிட்டது, மின்விசிறிக்கும் வைத்தாகிவிட்டது. பலகைக்கு வைக்க வேண்டாமா? மேலே வைத்தால் சாமிமேல் கால் படும், பாவம். அதனால் இவன்தான் யோசனை சொன்னான்: உள்ளே வைத்து மூடிவிடலாம், யார் காலும் படாது. மூன்று மூடி ஏற்கனவே முடுக்கியாகிவிட்டது. திறந்திருந்தது இடது ஒன்றுதான். தன் புத்திசாலித்தனத்தைத் தானே மெச்சிக்கொண்டு, சந்தனத்தைத் தாராளமாக எடுத்துச் சுழி போட்டான். சந்தனம் காய்ந்தது. கால் விழுந்தாலும் தகடுகள் உடனே ஒட்டவில்லை. இன்னும் கொஞ்சம் அழுந்தி, ஓரமாகத் தொட வேண்டியிருந்தது. அந்தக் கொஞ்சம்தான் கண் சிமிட்டுகிற நேரம். மோகனின் கால் நேரத்தோடு விழுந்தது. பலகைதான் பிந்திப் பதிந்தது.

சிவநேசன் முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் பழகின வாய் சும்மா இருக்குமா? “ஆக, லேட்டா வந்தது பிள்ளையார்தான்!” என்று சொல்லிப் பெரிதாகச் சிரித்தான். அப்பா, மகள் இருவரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிரிப்பு தானாக நின்றது.

“உனக்கு இது தெரியுமா?” என்று கேட்டான்.

“தெரியும்,” என்றான் மோகன். “கடைங்கள்ல இருந்து பெட்டி திரும்பி வந்த வாரமே திறந்து பாத்தேன். பாத்துட்டு அப்படியே மூடிட்டேன்.”

“அடப்பாவி! ஏன்டா சொல்லல? இத்தனை வருசமா வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கியே! ஒரு வார்த்தை சொல்லியிருந்தா…”

“சொல்லத்தான் போன் பண்ணேன்.”

சிவநேசன் ஸ்குரு டிரைவரைத் தரையில் வைத்தான்.

“மூணு தடவை நீங்க எடுக்கல,” என்றான் மோகன். குரலை உயர்த்தவே இல்லை. “நாலாவது தடவை எடுத்தீங்க. என்ன சொன்னீங்கன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஊரு பூரா சொல்றீங்களே.”

சிவநேசன் தரையைப் பார்த்தான். புருவத்தைத் தூக்கி, நிறுத்தி, எத்தனை நூறு தடவை சொல்லியிருப்பான்! ‘எதுக்கு போன் பண்ணாராம்’ என்று லோகேஸ்வரி கேட்டாளே, அவளுக்கு இருந்த அறிவு தனக்கு இல்லையே என்று முதல் முறையாகத் தோன்றியது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

“மன்னிச்சுக்கடா,” என்றான்.

“எனக்கு அது வேணாம்,” என்றான் மோகன். “இவ காலேஜ்ல எல்லாரும் பாத்துட்டாங்க. அவங்ககிட்ட நான் என் வாயால சொன்னா, அப்பன் தன் மானத்துக்காகச் சொல்றான்னு ஆகும். நீங்க கெடுத்த இடத்துல நீங்களே சொல்லுங்க.”

ஷர்மினி தன் போனை எடுத்து நீட்டிப் பிடித்தாள். சிவநேசன் பலகை பக்கத்தில், தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தான். வழக்கமாக அவன் ஆரம்பிக்கிற விதம் ஒன்று உண்டு, அதையே ஆரம்பித்தான்.

“வணக்கம் மக்களே! கழுவி ஊத்துக்கு வாங்க. இன்னைக்கு நம்ம லேட் மோகன் வீட்டுல…”

போன் கீழே இறங்கியது. “எங்கப்பா பேரு மோகனராஜ்,” என்றாள் ஷர்மினி.

“வாய் தவறி வந்துருச்சும்மா.”

“பத்தொன்பது வருசமா வாய் தவறுதா அங்கிள்? திரும்ப.”

இரண்டாவது தடவை ஒழுங்காகச் சொன்னான். மோகனராஜ் என்றான். திறந்த பலகையைக் காட்டினான், சந்தனத்தைக் காட்டினான், தன் கையெழுத்தைக் காட்டினான். ஆயுத பூசைக் கதையைச் சொல்லும்போது அவனுக்குத் தெம்பு திரும்பிவிட்டது. சாமிக்குப் பயந்தவன் செய்த கூத்து என்று தன்னைத்தானே கிண்டல் செய்துகொண்டான். அது நன்றாகவே வந்தது, எங்கே சிரிப்பார்கள் என்றுகூட மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டான். “தப்பு என்னோடது மக்களே, மோகனராஜ் தாளம் சுத்தம்,” என்று கையெடுத்துக் கும்பிட்டு முடித்தான். ஆறு நிமிடம். இந்த வீடியோ பிய்த்துக்கொண்டு ஓடும் என்று அந்த நேரத்திலும் அவனுக்குத் தோன்றியது. அப்படிப்பட்ட பிறவி.

ஷர்மினி அப்பாவிடம் போட்டுக் காட்டினாள். மோகன் நின்றபடியே கடைசிவரை பார்த்தான்.

“சந்தனத்தைச் சொல்லிட்டீங்க,” என்றான். “அது யாரு வேணும்னாலும் செய்யற தப்பு. நான்தானே மூடியைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன், எனக்கும் அப்பத் தோணல. அதுக்காக உங்க மேல எனக்குக் கோவம் இருந்ததே இல்ல.”

“அப்புறம் என்னடா?”

“போனைச் சொல்லலையே.”

எழப்போன சிவநேசன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். “அதையும் சொல்லணுமா? சந்தனம் போதாதா? எல்லாரும் என்னைக் காறித் துப்புவாங்கடா.”

ஷர்மினி போனை மறுபடி உயர்த்தினாள். சின்னச் சிவப்புப் புள்ளி எரிந்தது.

“மோகனராஜ் எனக்கு நாலு தடவை போன் பண்ணான்,” என்று ஆரம்பித்தான் சிவநேசன். மூன்று தடவை எடுக்காததைச் சொன்னான். நாலாவது தடவை எடுத்ததைச் சொன்னான். தான் கேட்ட அந்தக் கேள்வி வருகிற இடத்தில் பழக்கதோஷத்தில் கொஞ்சம் நிறுத்தினான். புருவம் எழவில்லை. மீதியைச் சொன்னான். மோகன் எதற்காகப் போன் செய்தான் என்பதையும் சொன்னான். ஊரெல்லாம் சிரித்த அந்தக் கதையை அவன் முழுசாகச் சொல்லி முடித்தது அதுதான் முதல் தடவை, அந்த ஹாலில் ஒருவரும் சிரிக்கவில்லை.